அம்மாவை இங்கிலிஷ் வகுப்புக்கு அனுப்புவது எப்படி? (ஸ்காபரோ, கனடா)

பனிப்பூ:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா பருத்தித்துறையிலிருந்து ஸ்பொன்சரில் வந்து எட்டு மாதமாகிறது. பி.ஆர். (நிரந்தர வதிவிட) அட்டை கையில் இருக்கிறது. வயது 57. அப்பா இல்லை. நானும் கணவரும் காலை ஏழு மணிக்கு வெளிக்கிட்டால் திரும்பி வர ஆறு மணி. மகள் பள்ளிக்கூடம் போய்விடுவாள். அம்மாவுக்குப் பகல் முழுக்கத் தமிழ்த் தொலைக்காட்சியும் ஊருக்கு எடுக்கும் வாட்ஸ்அப் கோலும்தான் துணை.

வகுப்பு என்று வாய் திறந்தாலே, "எனக்கு என்னத்துக்குப் பிள்ளை இங்கிலிஷ்? கடைக்காரன் தமிழ், டொக்டர் தமிழ், கோயில் ஐயர் தமிழ். ஆரோட நான் இங்கிலிஷ் கதைக்கப் போறன்?" என்று மடக்கிவிடுகிறார். அவர் சொல்வது பொய்யும் இல்லை. மார்க்கம் வீதியில் இறங்கினால் முருங்கைக்காய் முதல் வீட்டுக்கடன் வரை தமிழிலேயே முடித்துக்கொண்டு வரலாம்.

போன கிழமை நடந்ததுதான் என்னை எழுத வைத்தது. பகல் பதினொரு மணிக்கு எங்கள் கட்டடத்தில் தீ அலாரம் அடித்திருக்கிறது. நாங்கள் இருப்பது 14ஆம் மாடி. அம்மா படியால் இறங்கிக் கீழே வந்துவிட்டார். காலில் வீட்டுச் செருப்பு, தோளில் சால்வை, கையில் பாஸ்போட் வைத்த பை. ஷெல்லடிக்கு ஓடிய பழக்கம், அந்தப் பையைத் தூக்காமல் வெளிக்கிட மாட்டார். கீழே தீயணைப்புக்காரர் ஒருவர் ஏதோ கேட்டிருக்கிறார். அம்மா "நோ இங்கிலிஷ்" என்றிருக்கிறார். அவர் இன்னும் மெதுவாகக் கேட்டிருக்கிறார். பாவம், மனிதரை இரண்டாம் தரம் ஏமாற்றக்கூடாது என்று அம்மா "யெஸ்" என்றிருக்கிறார்.

வீட்டுக்குள் யாரும் இருக்கிறார்களா என்றுதான் கேட்டிருக்க வேண்டும். ஏனென்றால் பக்கத்து வீட்டுக்காரரிடம் எங்கள் கதவிலக்கத்தைக் கேட்டுக்கொண்டு இரண்டு பேர் மேலே ஓடியிருக்கிறார்கள். உள்ளே ஒருவரும் இல்லை. ஏழாம் மாடியில் யாரோ தோசைச் சட்டியைக் கருக்கியதுதான் காரணம், அது வேறு கதை. ஆனால் அன்றிலிருந்து அம்மா தனியாக வெளியே போவதில்லை.

இந்த வயதில் வகுப்பில் எடுப்பார்களா? காசு கட்ட வேண்டுமா? குடியுரிமைக்கு இது தேவையா? முக்கியமாக, எப்படி இணங்க வைப்பது?

கொடிகாமத்தான்:

தங்கச்சி, அம்மாவைப் பேசாமல் விடுங்கள்.

குடியுரிமைக்கு மொழிச் சான்று கேட்பது 18 முதல் 54 வயது வரை உள்ளவர்களிடம். சோதனையும் அவர்களுக்குத்தான். அம்மா 57. ஐந்து வருடத்துக்குள் 1,095 நாள் இங்கே இருந்துவிட்டு விண்ணப்பித்தால் ஒருவரும் இங்கிலிஷ் கேட்கப்போவதில்லை. பிறகு ஏன் அந்த மனுசியைப் பனிக்குள் பஸ்ஸுக்கு நிற்க வைக்கிறீர்கள்?

நான் 87இல் வந்தவன். எனக்கு யார் வகுப்பு வைத்தது? ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவித்தான் இங்கிலிஷ் வந்தது. முதல் படித்த சொல் "பிஹைண்ட்". சூடான சட்டியோடு பின்னால் ஒருவன் வருகிறான், அசையாதே என்று அர்த்தம். இரண்டாவது சொல்லை இங்கே எழுதினால் மட்டுறுத்துநர் தூக்கிவிடுவார்.

வகுப்புக்காரி:

அண்ணா சொன்ன குடியுரிமைக் கணக்கு சரி. மற்றதில் எனக்கு உடன்பாடில்லை. பதினோரு வருடமாக லிங்க் வகுப்பு எடுக்கிறேன், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

லிங்க் என்பது புதிதாக வந்தவர்களுக்கு இங்கிலிஷ் படிப்பிக்க மத்திய அரசு 1992இல் தொடங்கிய திட்டம். பி.ஆர். உள்ளவர்களுக்கும் அகதியாக ஏற்கப்பட்டவர்களுக்கும் இலவசம். மேல் வயதெல்லை கிடையாது. என் வகுப்பில் 74 வயது ஐயா ஒருவர் இருந்தார், வீட்டுப்பாடம் ஒரு நாள் தவறியதில்லை. குடியுரிமை எடுத்துவிட்டால் லிங்கில் இடமில்லை. பலர் இதைத் தெரியாமல் குடியுரிமைச் சான்றிதழோடு வந்து நிற்பார்கள். அம்மா போவதென்றால் இதுதான் காலம்.

நேரே வகுப்புக்குப் போக முடியாது. முதலில் மதிப்பீட்டு நிலையத்தில் நேரம் எடுக்க வேண்டும். கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் என்று நான்கையும் பார்த்து சி.எல்.பி. (கனடிய மொழித் தரநிலை) அளவு கொடுப்பார்கள். மொத்தம் 12 படி. உங்கள் அம்மா ஒன்றிலோ இரண்டிலோ தொடங்கக்கூடும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சிலருக்கு வாசிப்பு 3, கேட்டல் 1 என்று வரும். நம் ஊர்ப் பெண்களுக்குப் பெரும்பாலும் அப்படித்தான். எழுத்து தெரியும், காதில் விழுவது பிடிபடாது.

முழுநேர வகுப்பும் உண்டு, பகுதிநேரமும் உண்டு, வீட்டிலிருந்து இணையத்தில் படிப்பதும் உண்டு. அம்மாவுக்கு இணைய வகுப்பு வேண்டாம். அதே கதிரையில் இன்னும் மூன்று மணி நேரம் இருப்பதில் என்ன பயன்?

ஒரு எச்சரிக்கை, இதை வாசிக்கும் மற்றவர்களுக்கு: பெற்றோரைச் சூப்பர் விசாவில் (பெற்றோர் நீண்ட காலம் வந்து தங்கும் விசா) அழைத்திருந்தால் லிங்க் கிடைக்காது. அவர்கள் எத்தனை வருடம் தங்கினாலும் கணக்கில் விருந்தாளிதான். அவர்களுக்கு நூலகத்தில் நடக்கும் உரையாடல் வட்டம் இருக்கிறது.

பனிப்பூ:

மிக்க நன்றி அக்கா. அம்மா ஓ.எல். (இலங்கையின் சாதாரணதரப் பள்ளிச் சோதனை) வரை படித்தவர். இங்கிலிஷ் எழுத்துக் கூட்டி வாசிப்பார். பள்ளிக்கூடத்தில் இங்கிலிஷ் மாஸ்டர் பிரம்போடு நின்ற கதையை இன்றைக்கும் சொல்வார். வகுப்பு என்றதும் அந்தப் பிரம்புதான் ஞாபகம் வருகிறது போல.

வடகடல்:

நான் நோர்வேயில் பதினாலு வருடம் இருந்துவிட்டுக் கனடா வந்தவன். வடக்கே பின்மார்க் பக்கம் மீன் தொழிற்சாலையில் வேலை. 80களின் கடைசியில் எங்கள் பெடியன்கள் நிறையப் பேர் அந்தக் கரையோரக் கிராமங்களுக்குத்தான் போனார்கள். குளிர்காலத்தில் இரண்டு மாதம் சூரியனே எழும்பாது. தமிழ்க்கடை இல்லை, தமிழ் டொக்டர் இல்லை. மிளகாய்த்தூள் ஒஸ்லோவிலிருந்து பார்சலில் வரவேண்டும். பக்கத்து மேசையில் மீன் வெட்டும் கிழவியோடு கதைக்காவிட்டால் நாள் முழுக்க வாய் மூடித்தான் இருக்க வேண்டும். ஆறு மாதத்தில் நோர்வேஜியன் வந்துவிட்டது. அந்தக் கிழவி இறந்தபோது செத்தவீட்டில் நான்தான் முன்வரிசை.

2003இல் ஸ்காபரோ வந்தேன். இருபது வருடத்துக்கு மேலாகிறது. இன்றைக்கும் என் இங்கிலிஷைவிட நோர்வேஜியன் திறம்.

குறை சொல்லவில்லை. ஆனால் ஸ்காபரோவில் சனம் நம்மைத் தாங்குகிற தாங்கலில் கால் தரையில் படுவதேயில்லை. தரையில் படாத கால் எப்படி நடக்கும்?

கொடிகாமத்தான்:

வடகடல் தம்பி, தாங்கலைப் பற்றி நீங்கள் லேசாகச் சொல்லிவிட்டீர்கள். அந்தத் தாங்கல் இல்லாவிட்டால் நாங்கள் செத்திருப்போம்.

86 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகில் மிதந்த 155 தமிழ் அகதிகளை மீன்பிடிக்காரர் காப்பாற்றினார்களே, அதற்கு அடுத்த வருடம் நான் வந்தேன். விமானத்தில்தான், படகில் இல்லை. அப்போது தமிழ்ச் சனம் வெலஸ்லி, பார்லமென்ட் வீதிப் பக்கம், சென் ஜேம்ஸ் டவுன் கட்டடங்களில். ஒரு படுக்கையறை வீட்டில் ஏழு பேர். மூன்று பேர் இரவு வேலை, நாலு பேர் பகல் வேலை, ஆகவே மெத்தை ஒருநாளும் ஆறாது.

அந்த ஏழு பேரில் ஒருவர் ஊரில் வாத்தியாராக இருந்தவர். இங்கிலிஷ் தெரியும். கட்டடத்தில் யாருக்குக் கடிதம் வந்தாலும் அவரிடம்தான் வரும். குடிவரவு விசாரணைக்குக் கூடப் போவது அவர். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது அவர். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசலில் டிஸ்பென்சரி மாதிரி வரிசை நிற்கும். ஒரு சதம் வாங்கியதில்லை. (இன்றைக்கு ஒரு படிவம் நிரப்ப நூறு டொலர் கேட்கிற ஆட்களும் நம்மில்தான் இருக்கிறார்கள், அதையும் சொல்ல வேண்டும்.)

பிறகு அவர் மொன்றியலுக்குப் போய்விட்டார். அடுத்த மூன்று மாதம் எங்கள் வீட்டில் கடிதங்கள் உடைக்காமல் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே கிடந்தன. உடைத்தால் மட்டும் என்ன விளங்கப் போகிறது? ஒருநாள் வேலைவிட்டு வந்து பார்த்தால் தொலைபேசி வேலை செய்யவில்லை. காசு இருந்தது. கட்டச் சொல்லி வந்த மூன்று கடிதமும் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே இருந்தன.

சரி, இப்போது உண்மையைச் சொல்கிறேன். அதற்குப் பிறகு நானும் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் நடந்த வகுப்புக்குப் போனேன். மூன்று மாதம். பாடம் எடுத்தது ஓய்வுபெற்ற வெள்ளைக்கார அம்மா ஒருவர். இரவு வேலை முடித்து நேரே போவேன், பாதி வகுப்பு நித்திரை. அவர் எழுப்ப மாட்டார். பாடம் முடிந்ததும் அன்றைக்குச் சொன்னதை ஒரு துண்டில் எழுதி என் சட்டைப் பைக்குள் வைத்துவிடுவார்.

வடகடல்:

அப்படியென்றால் அண்ணை, "எனக்கு யார் வகுப்பு வைத்தது" என்று மேலே எழுதியது?

கொடிகாமத்தான்:

மேலே எழுதியது கோபத்தில்.

மடிப்பாக்கம் மருமகள்:

நான் சென்னை. கணவரோடு பி.ஆரில் வந்து நாலு வருஷம் ஆகுது. இந்த இழையில் நான் எழுதலாமா என்று யோசித்தேன். ஏனென்றால் எனக்கு இங்கிலீஷ் தெரியும். எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியம், அப்புறம் எம்.காம். அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

வந்த இரண்டாவது வாரம் பல் மருத்துவரிடம் நேரம் வாங்க போன் செய்தேன். போன் நம்பர் கேட்டார்கள். "டபுள் த்ரீ" என்று ஆரம்பித்தேன். அந்தப் பக்கம் அமைதி. "சாரி?" மறுபடி "டபுள் த்ரீ, ட்ரிபிள் செவன்". மறுபடி "சாரி?" இந்த ஊரில் டபுளும் கிடையாது ட்ரிபிளும் கிடையாது, த்ரீ த்ரீ செவன் செவன் செவன் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும் என்று எனக்கு யாருமே சொல்லித் தரவில்லை. அடுத்து அஞ்சல் குறியீடு. நான் சொன்ன பி அவர்களுக்கு டி, நான் சொன்ன வி அவர்களுக்கு பி. கடைசியில் போனை வைத்துவிட்டு அழுதேன். எம்.காம். படித்த கழுதை அழுகிறது என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

எங்கள் மாடியில் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா இருந்தார். அவருக்கு இலக்கணமெல்லாம் வராது. ஆனால் போனில் புலி. "எம் ஆஸ் இன் மேரி, பி ஆஸ் இன் பொப்" என்று வெளுத்து வாங்குவார். அவர்தான் என்னை நூலகத்து உரையாடல் வட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். மார்க்கம் - லாரன்ஸ் சந்திப்பில் இருக்கிற சீடர்பிரே கிளை. எட்டு பேர், ஒரு மேசை, நடுவில் ஒரு தன்னார்வலர். அன்றைக்குத் தலைப்பு, கடையில் வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுப்பது. வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்கலாம் என்பதே எனக்குப் புதுச் செய்தி!

பனிப்பூ, உங்கள் அம்மாவுக்கு ஓ.எல். வரை படித்ததே போதும். எனக்கு மறக்க வேண்டியது நிறைய இருந்தது. அவருக்கு அந்தச் சுமை இல்லை.

ஈஸ்ட்ஹாம் சுப்பு:

லண்டன்காரன் குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். இங்கே அந்த வகுப்புக்குப் பெயர் ஈசோல். குடியுரிமைக்கு பி1 என்ற இடைநிலை அளவு இங்கிலிஷும், 24 கேள்வியில் 18 சரியாக எழுத வேண்டிய ஒரு சோதனையும். 65 வயதாகிவிட்டால் இரண்டும் இல்லை. அதாவது உங்கள் ஊரைவிடப் பத்து வருடம் கூடுதல் தண்டனை. என் மனைவி காத்திருப்புப் பட்டியலில் ஒரு வருடம் இருந்தார். கிடைக்கிறபோது போய்விட வேண்டும், யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது.

மூத்தவன்:

இந்தத் தளத்தில் பல வருடமாக வாசிக்கிறேன், எழுதியதில்லை. பனிப்பூ எழுதிய "யெஸ்" என்னை எழுத வைத்துவிட்டது.

95இல் வந்தோம். எனக்கு வயது 11. அப்பாவுக்கு இரவு வேலை, பகல் நித்திரை. அம்மாவுக்கு இங்கிலிஷ் இல்லை. தங்கை மடியில். வீட்டுக்கு மூத்த பிள்ளை என்றால் இந்த நாட்டில் அதற்கு ஒரு உத்தியோகம் உண்டு, மொழிபெயர்ப்பாளர். வங்கி, வாடகை அலுவலகம், தங்கையின் தடுப்பூசி எல்லாம் நான்தான். பள்ளிக்கூடத்தில் என் ஆசிரியர் என்னைப் பற்றி அம்மாவிடம் சொன்ன குறையைக்கூட நான்தான் மொழிபெயர்த்தேன். அதில் கொஞ்சம் கைவைத்தேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

அம்மாவுக்கு மார்பில் ஒரு கட்டி. பரிசோதனை முடிவு சொல்ல அழைத்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு நான் போனேன். டொக்டர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். அதில் ஒரு சொல், "பினைன்". அந்தச் சொல்லை அதற்கு முன் நான் கேட்டதில்லை. கட்டி என்று விளங்கியது, பினைன் விளங்கவில்லை. டொக்டர் சிரித்த மாதிரி இருந்தது, ஆனால் இந்த ஊரில் எல்லோரும் எதற்கும் சிரிப்பார்கள். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னவாம் தம்பி?"

"ஒண்டுமில்லையாம் அம்மா, பயப்பிட வேண்டாமாம்" என்றேன்.

பொய் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னேன். அம்மா சாகப்போகிறார், நான் மறைத்துவிட்டேன் என்று பதினாறு நாள் அதைச் சுமந்துகொண்டு திரிந்தேன். கணக்குத் தவறாது, நாட்காட்டியில் புள்ளி வைத்திருந்தேன். கடைசியில் பள்ளிக்கூட நூலகத்தில் அகராதியைத் திறந்து பார்த்தேன். ஸ்பெல்லிங்கில் நடுவே ஒரு 'ஜி' வரும், அது காதில் கேட்காது, அதனால் சொல்லைக் கண்டுபிடிக்கவே இரண்டு நாள் ஆனது. தீங்கற்றது என்று போட்டிருந்தது. நான் சொன்ன பொய் உண்மையாக இருந்தது.

இதை அம்மாவிடம் சொன்னது எனக்கு முப்பது வயதானபோது. அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் தொலைபேசியில், "அதுதானடா நான் வகுப்புக்குப் போனது" என்றார். "என்னம்மா, உங்களுக்கு அப்பவே தெரியுமா?" என்று கேட்டேன். "பினைன் தெரியாது. உன்ர முகம் தெரியும்."

அடுத்த தவணையே அம்மா வகுப்பில் சேர்ந்திருந்தார். பக்கத்து அறையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார்கள், தங்கையை அங்கே விடலாம். அது இல்லாவிட்டால் அவரால் போயிருக்க முடியாது.

பனிப்பூ, உங்கள் மகளுக்கு என்ன வயது?

பனிப்பூ:

ஒன்பது.

நேற்று அம்மாவின் கண் பரிசோதனைக்கு அவளைத்தான் கூட அனுப்பலாம் என்று கதைத்துக்கொண்டிருந்தோம். இனி அனுப்ப மாட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதல் முறை இரத்தப் பரிசோதனைக்குப் போனபோது தாதி வெளியே வந்து அப்பாவின் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார். அம்மாவின் காகிதங்களில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர்தான் இருக்கிறது. அம்மா எழும்பவில்லை. திரும்பி வாசலைப் பார்த்தார்.

வகுப்புக்காரி:

முதல் கிழமைப் பாடமே அதுதான் பனிப்பூ. ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம். நம் பெண்கள் பலர் அந்த லாஸ்ட் நேமைச் சொல்லத் தயங்குவார்கள். புருஷனின் பெயரை வாயால் சொல்லாமல் முப்பது வருடம் வாழ்ந்தவர்களிடம் அதை எழுத்துக் கூட்டி, சத்தமாக, அந்நியர் முன்னால் சொல்லச் சொல்கிறோம். முதல் நாள் ஒருவர் எழுதிக் காட்டினாரே தவிரச் சொல்லவேயில்லை. நான் வற்புறுத்தவில்லை. இரண்டாம் மாதம் மருந்துக்கடையில் தானே சொன்னாராம், வந்து வெட்கத்தோடு சொன்னார்.

மேலே நடந்த வாதத்துக்கு என் பங்கு. வடகடல் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வகுப்பு வாசலிலிருந்து பார்த்தால் வேறு மாதிரித் தெரியும். வகுப்பை இடையில் விடுகிறவர்கள் பெரும்பாலும் யாருமில்லாதவர்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பார்க்க ஆளில்லை, பஸ் தவறினால் கேட்க ஆளில்லை, மூன்றாம் கிழமையோடு நின்றுவிடும். தொடர்ந்து வருகிறவர்கள் அநேகமாக இன்னொருவர் கூட்டிக்கொண்டு வந்தவர்கள். போன வருடம் ஒரே கட்டடத்திலிருந்து நாலு தமிழ்ப் பெண்கள் வந்தார்கள். வகுப்பில் நால்வரையும் நாலு மேசையில் இருத்தினேன். ஒரு மேசையில் விட்டால் பாடம் தமிழில் நடந்துவிடும்! இடைவேளையில் ஒன்றாகச் சேர்ந்து தேத்தண்ணீர் குடிக்கட்டும், நல்லதுதான்.

குறையும் சொல்கிறேன். மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு தடித்த பைண்டர். செய்த ஒவ்வொரு வேலையையும் மதிப்பிட்டு அதில் கோத்து வைக்க வேண்டும். யோசனை நல்லது, தாங்கள் முன்னேறியதைத் தாங்களே பார்க்கலாம். ஆனால் சில நாள் பாடம் நடத்துகிறேனா, துளை போட்டுக் கோக்கிறேனா என்று எனக்கே தெரியாது. வயதானவர்கள் அந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வருவதைப் பார்த்தால் கவலையாக இருக்கும். சக்கரம் வைத்த சிறு பை ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

இணங்க வைப்பது எப்படி என்று கேட்டீர்கள். "படிக்கப் போங்கள்" என்று சொல்லாதீர்கள். "ஒருநாள் வந்து பாருங்கள்" என்று சொல்லுங்கள். முதல் நாள் நீங்கள் லீவு போட்டுக் கூடப் போங்கள். பிரம்பு இல்லை என்பதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும்.

அதுவரைக்கும் ஒன்று மட்டும் பழக்கிவிடுங்கள். அவசரத்துக்கு 911 அடித்தால் "தமிழ்" என்று சொன்னாலே போதும். மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் இணைப்பார்கள். வைத்துவிட்டு ஓடக்கூடாது, பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

பெயரிலி 22:

ஒரு சின்னச் சந்தேகம். என் மச்சான் அகதிக் கோரிக்கை போட்டிருக்கிறார், விசாரணை இன்னும் வரவில்லை. அவருக்கு லிங்க் உண்டா?

வகுப்புக்காரி:

லிங்க் இல்லை. ஆனால் ஒன்ராறியோ மாகாணக் காசில் கல்விச் சபைகள் நடத்தும் பெரியவர்களுக்கான இ.எஸ்.எல். என்ற இங்கிலிஷ் வகுப்பு இருக்கிறது. அதில் கோரிக்கையாளரையும் எடுப்பார்கள். கோரிக்கைக் காகிதத்தோடு போகச் சொல்லுங்கள். எங்கே போவதென்று தெரியாவிட்டால் 211 என்ற சமூகசேவைத் தகவல் இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம், அங்கேயும் மொழிபெயர்ப்பு உண்டு.

பனிப்பூ:

ஐந்து கிழமை கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை.

மதிப்பீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வகுப்புக்காரி அக்கா சொன்ன மாதிரியே வாசிப்பு 3, கேட்டல் 1. அம்மாவுக்கு அந்த மூன்றில் சந்தோஷம். ஊருக்கு எடுத்துச் சின்னம்மாவிடம், "வாசிப்பில நான் மூண்டாம் வகுப்பாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பஸ்ஸை இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்த்தோம். முதல் தரம் நான் பக்கத்தில் இருந்தேன். இரண்டாம் தரம் நான் பின் இருக்கையில், தெரியாதவள் மாதிரி. இறங்க வேண்டிய இடத்துக்கு முன் என்ன கடை வரும் என்று எண்ணி வைத்திருந்தார். மூன்றாம் தரம் தனியாகப் போனார். ஒரு நிறுத்தம் முந்தியே இறங்கிவிட்டு, நடக்க ஆசையாக இருந்தது என்றார். நான் நம்பிய மாதிரி இருந்துவிட்டேன்.

வகுப்பில் பதினெட்டுப் பேராம். ஆப்கான், சிரியா, சீனா. தமிழ் என்று பார்த்தால் அம்மாவோடு இன்னும் ஒருவர், கரவெட்டி. முதல் நாளே இருவரும் சொந்தம் கண்டுபிடித்துவிட்டார்கள், அடுத்த நாள் டீச்சர் பிரித்து வைத்துவிட்டார்! இப்போது பக்கத்தில் சீனப் பாட்டி ஒருவர். போன கிழமை பாடம் காய்கறி. படத்தில் இல்லாத ஒரு காயை அந்தப் பாட்டி தாளில் வரைந்து காட்டினாராம். நீளமாக, மேலெல்லாம் கரடு. அம்மா பார்த்தவுடனே "பாகற்காய்!" என்று கத்திவிட்டாராம். இங்கிலிஷில் அதற்கு என்ன பெயரென்று இருவருக்கும் தெரியாது. அம்மா முகத்தைச் சுளித்துக் காட்ட, பாட்டியும் சுளித்துக் காட்ட, டீச்சர்தான் பெயரைப் பலகையில் எழுதினாராம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து "பிற்றர், பிற்றர்" என்று சொல்லிக்கொண்டே சமைத்தார்.

குசினியில் மாட்டியிருக்கிற கோயில் நாட்காட்டியில் எங்கள் கதவிலக்கத்தை அம்மா தமிழில் எழுதி வைத்திருக்கிறார். "போட்டீன் ஓ செவின்." அதற்குக் கீழே, "நோபடி இன்சைட்."

இன்னும் இணக்கமில்லாத இடமும் உண்டு. வியாழக்கிழமை தொலைக்காட்சித் தொடரை விட முடியாதாம், வியாழன் மட்டும் நேரத்தோடு வந்துவிடுகிறார். அதில் நான் தலையிடவில்லை.

இப்போது ஒரு அவசரக் கேள்வி. வருகிற வெள்ளி வகுப்பில் ஆளுக்கொரு சாப்பாடு கொண்டுபோக வேண்டுமாம். அம்மா ஒடியல் கூழ் காய்ச்சுவேன் என்று பிடிவாதமாக நிற்கிறார். என்ன செய்வது?

கொடிகாமத்தான்:

கூழை பஸ்ஸில் எப்படிக் கொண்டுபோவது தங்கச்சி? கட்லட் பொரிக்கச் சொல்லுங்கள்.

வகுப்புக்காரி:

கட்லட் சரி. மரக்கறியாகவே செய்யட்டும். மீன் வைத்தால் சைவக்காரர் தொட மாட்டார், இறைச்சி வைத்தால் ஹலாலா என்று கேட்பார்கள், அந்தக் கேள்விக்கு அம்மா பழையபடி "யெஸ்" என்று சொல்லிவிடுவார்.

மடிப்பாக்கம் மருமகள்:

நாலு கட்லட் எனக்கும். நான் 11ஆம் மாடி, உங்கள் கட்டடமாகத்தான் இருக்கும் என்று முதல் நாளிலிருந்தே சந்தேகம். அந்தத் தீ அலாரத்துக்கு நானும் கீழே நின்றேன்.